மஞ்சள் முக்கோணம்

அந்த வருடங்களில் எனக்கு இருந்த ஒரே ஆசை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. இதெல்லாம் ஓர் ஆசையா என்று சிரிக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே போனுக்கு மூடி பொருத்தியவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே நாற்காலி உண்டு. லைனில் இருப்பவர்களும் கேட்கலாம், ஆனால் கம்ப்யூட்டர் படித்த சான்றிதழ் வேண்டும் என்றார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று பென்னலூர் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த வகுப்பில் நான் ஏற்கெனவே சேர்ந்திருந்தேன். மிச்சம் இருந்தது ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றுதான்.

ஏ ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் கல்லூரி வாசலில் இறக்கிவிடும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்ததும் கண் தானாகச் சொருகும். பாடம் நடத்திய மேடத்துக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. காலையிலிருந்து ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு எங்களிடம் வருவார். நாங்கள் தூங்குவது அவருக்குத் தெரியும், அவர் கொட்டாவியை மறைப்பது எங்களுக்குத் தெரியும். இரண்டு தரப்புமே கண்டுகொள்வதில்லை.

“ஃபார்ம்ல ஒருத்தர் தப்பா அடிச்சா, அது சர்வர் வரைக்கும் போகவே கூடாது. அவங்க கம்ப்யூட்டர்லயே பிரவுசர் பிடிச்சு நிறுத்திடணும்” என்றார் மேடம். எனக்கு இதில் புதிதாக எதுவும் தெரியவில்லை. கீறல் விழுந்த மூடி அடுத்த டேபிளுக்குப் போகாமல் பிடித்து நிறுத்தவும்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதையே இங்கேயும் வந்து படிக்க வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அடைப்புக்குறி மட்டும் எனக்குக் கைவரவில்லை. திறப்பேன், மூட மறந்துவிடுவேன். “நாள் முழுக்க மூடி போடுற பொண்ணு, இங்க மட்டும் மூட மாட்டியா?” என்று மேடம் கேட்டபோது வகுப்பே விழித்துக்கொண்டு சிரித்தது.

எங்கள் லைனுக்கு மேலே மூன்று விளக்குகள் இருக்கும். பச்சை எரிந்தால் வேலை ஓடுகிறது. சிவப்பு எரிந்தால் யாரோ திட்டு வாங்கப் போகிறார்கள். மஞ்சள் என்றால் பொருள் வரவில்லை. கையை எடுத்துவிட வேண்டும், லைன் லீடர் வரும்வரை எதையும் தொடக்கூடாது. சேர்ந்த முதல் வாரமே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மஞ்சள் எரியும் ஐந்து நிமிடம் சுவரில் சாய்ந்துகொள்வோம். மஞ்சள் மங்களம் என்று சும்மாவா சொன்னார்கள்.

செய்முறைத் தேர்வன்றும் ஷிப்ட் முடித்துவிட்டு நேராகத்தான் போனேன். போன் எண்ணில் பத்து இலக்கம் இல்லையென்றால் பிடித்து நிறுத்தும் ஒரு பக்கம் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்ததுதான். அரை மணி நேரத்தில் அடித்து முடித்துப் பிரவுசரில் திறந்தேன். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. திரையின் இடது கீழ் மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது.

என் கை தானாகக் கீபோர்டிலிருந்து எழுந்தது. நாற்காலியில் சாய்ந்தேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

லேபைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மணிமங்கலத்துக்காரர். அவர்தான் தோளைத் தட்டினார். “இன்னாம்மா, பரீச்சைல வந்து தூங்கிகினு கீற?”

“மஞ்ச வந்துட்டுக்கா. லீடர் வரட்டும்” என்றேன், எங்கள் தென்காசிப் பேச்சில், கண்ணைத் திறக்காமலே.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என் கம்பெனிக்காரர்கள், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்தே சிரித்தார்கள். மேடம் வந்தார். அவர் சிரிக்கவில்லை. “இங்க யாரும் வர மாட்டாங்கம்மா. நீதான் பார்க்கணும்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

முக்கோணத்தை இரண்டு முறை கிளிக் செய்தால் எந்த வரியில் தவறு என்று சொல்லும். அதை வகுப்பில் சொன்ன நாளிலும் நான் தூங்கியிருக்க வேண்டும், பக்கத்துப் பெண்ணின் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பதினான்காம் வரி. மூடாத அடைப்பு. மூடினேன். மறுபடி மஞ்சள், பத்தொன்பதாம் வரி. கை மறுபடி எழுந்தது. அதை இழுத்துக் கீபோர்டில் வைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதற்குள் மணி அடித்துவிட்டது.

“போதும், எல்லாரும் எழுந்திருங்க” என்றார் மேடம்.

ஃபெயில் என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்தது அதற்காக இல்லை. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது: அந்த நாற்காலியைவிட்டு எழ மனம் வரவில்லை, அதற்காகத்தான் அழுதேன்.

ஸ்டோர்ஸ் வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. நான் இன்னும் இரண்டு வருடம் லைனில் நின்றேன்.