பாலத்துக்கு இந்தப் பக்கம்

கோட்டை சுற்றிக்காட்டும் தொழிலில் ராஜாக்களின் வரிசையை மாற்றிச் சொன்னால்கூட யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஏறிய தலைகளில் ஒன்று குறைந்தால் மட்டும் தப்பிக்கவே முடியாது. புதுச்சேரியிலிருந்து செஞ்சிக்கு வேனில் ஆட்களை அழைத்துப் போய், மலை ஏற்றி இறக்கி, சாயங்காலம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது என் பிழைப்பு. பதினோரு வருஷமாகச் செய்கிறேன். எனக்கு உயரம் என்றால் பயம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கைப்பிடிச் சுவரை விட்டு நாலடி தள்ளியே நிற்பவரா நீங்கள்? அப்படியானால் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரிக்காமல் படிக்கவும்.

கேட்காத கேள்வி

உப்பளத்தில் டிராவல்ஸ் ஆபீசுக்கு வேலை கேட்டுப் போனபோது முதலாளி பிரெஞ்சில் பேசச் சொன்னார், பேசினேன். செஞ்சி வரலாறு கேட்டார், ஒப்பித்தேன். உயரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான்.

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையின் படி ஏறுவதுகூடப் பரவாயில்லை, பாறையைத் தடவிக்கொண்டே போய்விடலாம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கும். பிளவின் மேல் சின்னதாக ஒரு பாலம். அந்தக் காலத்தில் எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்களாம். எதிரி நின்றானோ இல்லையோ, முதல் நாளே நான் நின்றுவிட்டேன். பாறையைப் பிடித்த கையை எடுக்கவே முடியவில்லை. உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வந்து ஒரு பெண்மணியின் பையை முறைத்தது. வாயில் தானாக வந்துவிட்டது: "மேலே குரங்குத் தொல்லை அதிகம். பைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், நான் காவல் இருக்கிறேன்."

எல்லாரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு, மடியில் பன்னிரண்டு பைகளோடு உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்த பிரெஞ்சுக்காரப் பெண்மணி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "மேலே போய்த் தானும் பார்க்கவேண்டும் என்று ஆசையே படாத வழிகாட்டியை இப்போதுதான் பார்க்கிறேன்."

ஒரு பை, இரண்டு பேர்

அன்றிலிருந்து அதுவே என் வழக்கமாகிவிட்டது. பாலத்துக்கு முன்னால் பையை வாங்குவேன், திரும்பி வருபவர்களிடம் கொடுப்பேன். மடி காலியானால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தலையை எண்ண வேண்டியதே இல்லை. என் பயத்துக்கு நானே ஒரு வேலை கண்டுபிடித்துவிட்டதாக உள்ளுக்குள் பெருமை வேறு.

கருவடிக்குப்பத்திலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. மடி காலியானதும் எல்லாரையும் இறக்கிக்கொண்டு பாதி மலை வந்துவிட்டேன். ஒரு திருப்பத்தில் பார்த்தால் மாப்பிள்ளை இருக்கிறார், பெண்ணைக் காணோம். அந்தப் பிளவும், அதற்குள்ளே அந்தப் பெண் கட்டியிருந்த மஞ்சள் புடவையும்தான் கண்ணுக்குள் வந்தன. திரும்ப ஓடினோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பை கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். மனைவியை எப்படி ஐயா விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பைய வாங்கிட்டேன் இல்ல மேடம், எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு நெனச்சிட்டேன்."

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு பை என்று சட்டம் போட்டேன். பை இல்லாதவர்கள் தொப்பியாவது கொடுக்க வேண்டும்.

பீரங்கி எந்தப் பக்கம்?

உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது. அதைப் பற்றிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்று ஐந்து நிமிஷம் பேசுவேன். காற்று எப்படி அடிக்கும், ஊர் எப்படித் தெரியும் என்றெல்லாம் புத்தகத்தில் படித்ததையும், இறங்கி வருபவர்களிடம் கேட்டதையும் கலந்து கட்டி அடிப்பேன். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் மேலே போய்விட்டு வந்து, நான் சொன்ன பக்கம் வேறு, பீரங்கி பார்க்கிற பக்கம் வேறு என்றார். திருப்பி வைத்திருப்பார்கள் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டு நாளில் முதலாளி கூப்பிட்டார். நான் மேலேயே வரவில்லை என்று டீச்சர் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். என் குட்டு தெரிந்தது எங்கள் வேன் ஓட்டும் ஜாபர் பாய் ஒருவருக்குத்தான். அவர் வாசலில் நின்ற வேனுக்குள் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி சத்தமே போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அடுத்த ட்ரிப்புல பீரங்கி பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா. அனுப்பலன்னா வேற ஆள பாத்துக்கறேன்."

மிச்சம் ஒரு பை

அடுத்த ட்ரிப் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தது. முந்தின நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் குருசுக்குப்பத்துக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருந்தார். அறுபது வயசு இருக்கும், பார்த்தால் சொல்ல முடியாது. விமானத்திலிருந்து எத்தனை தடவை குதித்தார் என்பதை வேனில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்றுதான் கூப்பிட்டோம்.

பாலத்துக்கு முன்னால் வழக்கம்போலப் பைகளை வாங்கினேன். இவர்கள் திரும்பட்டும், கடைசியில் ஓடிப்போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட மாட்டேன் என்று எனக்கே தெரியும். ஒவ்வொருவராக வந்து பையை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். மடியில் ஒரு பை மிச்சம். முசியேவுடையது. பின்னால் வருகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் கடைசி ஆள் போனார். பத்து நிமிஷம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. போன் போட்டேன். என் மடியில் இருந்த பைக்குள்ளேயே மணி அடித்தது.

மேலே விழுந்து கிடக்கிறாரா? மாரடைப்பா? கீழே டிக்கெட் சாவடிக்காரர் எல்லாரும் இறங்கச் சொல்லி விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஜாபர் பாய்க்குப் போன் போட்டேன். "நான் இந்த முட்டிய வெச்சிக்கிட்டு ஏறி வர ஒரு மணி நேரம் ஆவும்க்கா. நீங்க நிக்கிற எடத்துல இருந்து நாலே எட்டு" என்றார்.

போனேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பாலத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் போனேன். கீழே பார்க்கவில்லை. பிளவுக்குள்ளிருந்து மேலே வந்த காற்று புடவைக்குள் புகுந்து, எவ்வளவு ஆழம் என்பதை அதுவே சொல்லிவிட்டது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் தவழ்ந்துதான் படியேறினேன்.

முசியே பீரங்கியடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அடி இல்லை, காயம் இல்லை. வரும்போது பேச்சு மும்முரத்தில் பாலத்துக்குக் கீழே கவனிக்கவில்லையாம். இறங்கப் போனபோது பிளவு கண்ணில் பட்டுவிட்டது. கால் வரவில்லை, திரும்ப மேலே வந்துவிட்டார். விமானத்திலிருந்து குதித்தவர் இதற்கா பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். "அங்க முதுவுல பாராசூட் இருந்திச்சி மதாம். இங்க என்ன இருக்குது?" என்றார். அந்த மனிதரை அந்த நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இறங்குவதைத் தள்ளிப்போட இரண்டு பேருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. போட்டோ எடுக்கலாம் என்று அவரேதான் சொன்னார். என் போனில் என்னைப் பீரங்கி பக்கத்தில் நிறுத்தி ஒன்று எடுத்தார். பிறகு சாக்கு தீர்ந்துவிட்டது. விசில் மறுபடி கேட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே குரலில், அதாவது வேனில் மைக் பிடித்துப் பேசுகிற குரலில், சொன்னேன்: "என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள் முசியே. கீழே பார்க்கக் கூடாது, என் முதுகை மட்டும் பாருங்கள். நான் எத்தனையோ பேரை இப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன்." கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் கை என் தோளில் நடுங்கியது. அல்லது என் தோள் அவர் கைக்குள் நடுங்கியது, சரியாகத் தெரியவில்லை. ஒரு எட்டு, இன்னொரு எட்டு என்று எண்ணிக்கொண்டே போனேன். கம்பி முடிந்து கைக்குப் பாறை தட்டுப்பட்டதும் அதைத் தடவிக்கொண்டே போனேன், நிற்கவே இல்லை. பின்னாலிருந்து முசியே மெதுவாகச் சொன்னார்: "மதாம், கண்ணத் தொறங்க. பாலம் முடிஞ்சி பத்தடி வந்துட்டோம்."

பீரங்கி பக்கத்தில் நான் நிற்கும் போட்டோ இப்போது ஆபீசு சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் கண் மூடியிருப்பதற்கு வெயில்தான் காரணம் என்று முதலாளி நம்புகிறார், உச்சியிலிருந்து ஊர் எப்படித் தெரியும் என்று கேட்டால் நான் இன்றைக்கும் புத்தகத்தில் படித்ததைத்தான் சொல்கிறேன்.