மஞ்சள் காருக்கு ஏற்ற ஸ்பிரிங்

ஸ்ட்ரெச்சரில் கிடப்பவருக்கு ரோட்டில் பள்ளம் இருப்பதே தெரியக் கூடாது, அப்படி ஓட்டுவாள் அவள். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ஆம்புலன்ஸ் அக்கா. அவளைவிட மூத்த டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்த யாரையாவது அழைத்து வர வேண்டுமென்றால், "அக்கா டூட்டியில இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியதும் தெருவே வாயைப் பிளந்தது. இரண்டே சீட். உள்ளே உட்காருவதென்றால் பாதி படுத்துக்கொள்வதுதான். அவள் கணவர் பாட்டு வாத்தியார், நல்ல உயரம். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்னை மடிச்சு வைக்கணுமா, சுருட்டி வைக்கணுமா?"

"சீட்டைப் பின்னால தள்ளி வச்சிருக்கேன். பேசாம ஏறுங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஊருக்கு வெளியே ஏரியைச் சுற்றிப் போகும் சாலைக்குக் கிளம்பினார்கள். அங்கே வளைவுக்கு மேல் வளைவு. வாரம் முழுக்க நிதானமாகவே ஓட்டிய கைக்கு அதுதான் விருந்து. ஆனால் கார் ஒத்துழைக்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, அப்புறம்தான் திரும்பியது.

அவளுடைய தம்பி கார் பட்டறை வைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் கண்ணில் பல்பு எரிந்தது. "இது ஒரு பிரச்சனையாக்கா? என்கிட்ட விட்டுடு." பந்தயக் கார்களுக்குப் போடும் குட்டையான, இறுக்கமான ஸ்பிரிங்குகளை வரவழைத்துப் பூட்டினான். கார் தரையோடு தரையாக இறங்கியது. சக்கரத்துக்கு மேலே விரல் நுழைய இடமில்லை. அக்காவும் தம்பியும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து ரசித்ததைப் பார்த்தால், வீட்டுக்குப் புதுக் குழந்தை வந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

தெருமுனை வேகத்தடையிலேயே அடிவயிறு உரசி, கரகரவென்று பல்லைக் கூச வைத்தது. ஏரிச் சாலையில் மட்டும் கார் கத்தி மாதிரி திரும்பியது. ஆனால் அங்கே போய்ச் சேர, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு மேடாகிப்போன ஒரு ரோட்டைத் தாண்ட வேண்டும். அதில் கார் தவளையாகத் துள்ளியது. வாத்தியாருக்குக் காரில் பாடிக்கொண்டே வரும் பழக்கம். நீளமாக இழுத்த ஒரு ஸ்வரம் துண்டு துண்டாக உதிர்ந்தது. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அடுத்தடுத்த வாரங்களில் அவருக்கு வேலை முளைக்க ஆரம்பித்தது. ஒரு நாள் மாணவி வருகிறாள் என்றார். ஒரு நாள் தம்புராவுக்குத் தந்தி மாற்ற வேண்டும் என்றார். "நீ போயிட்டு வாம்மா. ஜாலியா ஓட்டு."

ஒரு ஞாயிறன்று அவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். தனியாகப் போக மனசே வரவில்லை. உள்ளே வந்தால், அவர் கூடத்துத் தரையில் குப்புறக் கிடந்தார். அவளைக் கண்டதும் பதறி எழப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல, மூக்குக்கண்ணாடி விழுந்துடுச்சு. தேடுறேன்."

"முதுகுல சுடுதண்ணிப் பையை வச்சுக்கிட்டா?"

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரார் முதுகையெல்லாம் பூப் போலக் கொண்டு சேர்க்கிறவள், வீட்டுக்காரர் முதுகை இந்தப் பாடு படுத்தியிருக்கிறாள்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தக் காரைப் பார்த்தா உன் மூஞ்சி எப்படிப் பூரிக்குது தெரியுமா? அதைப் போயி எப்படிம்மா கெடுக்கிறது?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பையைச் சரியான இடத்தில் வைத்து அழுத்தினாள். மறுநாளே காரைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டாள்.

"எல்லாத்தையும் கழட்டுடா."

"அய்யோ அக்கா, மறுபடி தொளதொளன்னு ஆயிடும்!"

"வளைவுல சாயக் கூடாது. பள்ளத்துல குதிக்கக் கூடாது. மாமா பக்கத்துல உக்காரணும். இந்த மூணுக்கும் வழி சொல்லு."

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு காரை லிஃப்டில் ஏற்றினான். சக்கரங்களைத் தாங்கும் இணைப்புகளில் இருந்த ரப்பர் புஷ்கள் வெடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பழைய தள்ளாட்டத்தில் பாதி அதனால் வந்ததுதான். "இதை முதல்லயே பார்த்திருக்கணும்க்கா. குட்டை ஸ்பிரிங் ஆசையில கோட்டை விட்டுட்டேன்" என்றான் அசடு வழிய.

பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். புஷ்கள் புதிது, அதுவும் அதிர்வை உறிஞ்சும் ரப்பரிலேயே. ஸ்பிரிங் கம்பெனியிலிருந்து வந்த பழைய உயரத்துக்கே. வளைவில் சாய்வதைப் பிடித்து நிறுத்த, முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கம்பியைக் கொஞ்சம் தடிமனாக. தாராளமாகச் செலவழித்தது ஷாக் அப்சார்பருக்குத்தான். குமிழைத் திருகி இறுக்கமும் தளர்வும் செய்துகொள்ளும் வகை.

"ஒரு விரக்கடை மட்டும் இறக்கிக்கலாமாக்கா? அழகுக்கு."

"அழகு வேணும்னா நீ போய் முடி வெட்டிக்கோ."

அந்த மேடுபள்ள ரோடு பட்டறை வாசலிலேயே இருந்தது. வாத்தியாரை உட்கார வைத்து ஒரே ஸ்வரத்தை இழுக்கச் சொன்னாள். குரல் நடுங்கினால் இறங்கிப் போய்க் குமிழைத் திருகுவாள், மறுபடி ஓட்டுவாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் கூச்சப்பட்டாலும் நிறுத்தாமல் பாடினார். கடைசியில் ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் குரல் பிசிறே இல்லாமல் நீண்டது. அவள் வண்டியை நிறுத்தாமல் நேரே ஏரிச் சாலைக்கு விட்டாள்.

முதல் வளைவில் கார் சாயவில்லை, யோசிக்கவும் இல்லை. கை நினைத்ததும் திரும்பியது. மேடு வந்த இடத்தில் மெல்ல அமுங்கி எழுந்தது. ஒரு பெரிய வளைவைத் தாண்டியதும் பக்கத்தில் சத்தமே இல்லை. பார்த்தால், அவர் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"முதுகு வலிக்குதா?"

"முதுகு கிடக்கட்டும். அந்த வளைவுல என்னம்மா பண்ணே?"

"ஏன், பயந்துட்டீங்களா?"

"வண்டியைத் திருப்பு. இன்னொரு தடவை பண்ணு."

திருப்பினாள். அப்புறம் அவர் கேட்டதற்காக இன்னொரு தடவை. அதற்குள் தம்பியிடமிருந்து போன் வந்துவிட்டது. "அக்கா, எப்படி இருக்குன்னு சொல்லாமலே போயிட்டே. கடையைப் பூட்டாம காத்துக்கிட்டு இருக்கேன்."

வாத்தியார் போனை வாங்கினார். "மாப்ள, நாங்க வர நேரமாகும். நீ பூட்டிட்டுக் கிளம்பு."