எலிவேற்றர் நின்ற வியாழக்கிழமை

என் கணவருக்கு எல்லோருக்கும் நன்றி சொல்கிற பழக்கம் இருந்தது. பஸ் சாரதிக்குச் சொல்வார், மருந்துக்கடைப் பெண்ணுக்குச் சொல்வார், நரம்பு தவறி இரண்டாம் தரமும் ஊசி குத்திய தாதிக்கும் சொல்வார். டவுன்ரவுனில் ஓர் அலுவலகக் கட்டடத்தை இருபத்தேழு வருடம் கூட்டித் துடைத்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் அவரைக் கைவிடவில்லை. எனக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

கொரோனா வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் நகரின் கிழக்கு ஓரத்தில், வோபர்னில் ஓர் அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில் இருந்தோம். மகள் கலியாணம் கட்டி நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் இருந்தாள். எங்கள் கட்டடத்தில் எலிவேற்றர் இரண்டு. அதில் ஒன்று நோய் வருவதற்கு முந்திய பனி மாரியிலேயே நின்றுவிட்டது. கதவின் குறுக்கே மஞ்சள் நாடா ஒட்டி, திருத்த வேலை நடக்கிறது என்று ஒரு தாள் தொங்கவிட்டிருந்தார்கள். வேலை செய்ய ஒரு மனுசன் வந்ததை நான் ஒருநாளும் காணவில்லை.

பிறகு இன்னொரு தாள் வந்தது. ஒரு தடவையில் இரண்டு பேர் மட்டும்தான் ஏறலாம் என்றிருந்தது. இருபது மாடிக்கும் ஒரு எலிவேற்றர், அதில் இரண்டு பேர். அதை எழுதியவர் எந்த மாடியில் குடியிருக்கிறார் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

கணவருக்குச் செவ்வாய், வியாழன், சனி காலைகளில் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வான் ஏழு மணிக்கு வாசலில் நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திராது. அதனால் ஆறு மணிக்கே குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எலிவேற்றர் வாசலில் போட்டு அவரை இருத்துவேன். கதவு திறக்கும். உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் நிற்பார்கள். மூடும். பத்து நிமிடம் கழித்துத் திறக்கும். மறுபடியும் இரண்டு பேர். எங்கள் கட்டடத்தில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் என்று அநேகமாக ஒருவரும் இல்லை. பொதி கட்டுகிற இடம், இறைச்சி வெட்டுகிற இடம், முதியோர் இல்லம், இப்படித்தான் எல்லோரும் விடியமுன்பே புறப்படுவார்கள். சிலர் இறங்கி இடம் தருவார்கள். சிலர் போனைப் பார்த்தபடி நிற்பார்கள்.

"பரவாயில்லை, அவையும் வேலைக்குப் போகவேணும்தானே" என்பார் இவர்.

"நீங்கள் என்ன கலியாண வீட்டுக்கோ போறியள்?" என்று கேட்பேன். சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஒருநாள் கதவு திறந்தபோது ஒரே ஒருவர் நின்று இருமிக்கொண்டிருந்தார். நேரம் ஏழுக்குப் பத்து நிமிடம். இவர் எழும்பி, அந்த இருமலுக்குள்ளேயே 'தாங்க்யூ' சொல்லிக்கொண்டு ஏறிவிட்டார். கதவு மூடியது. நான் பதினான்கு மாடியும் படியால் ஓடி இறங்கினேன். அதற்குப் பிறகு இரண்டு கிழமை அவருடைய நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தேன்.

கீழ்மாடியில் மனேச்சரின் ஒஃபிஸ். கதவு எப்போதும் பூட்டு. எதுவானாலும் ஈமெயில் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தது. மகளைக் கொண்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அவள் போனில் வாசித்துக் காட்டினாள். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று முடிந்திருந்தது.

"நான் பொறுமையா இருக்கிறன் எண்டு ஆர் உவைக்குச் சொன்னது?"

"அம்மா, இட்ஸ் ஜஸ்ற் எ ரெம்பிளேற். எல்லாருக்கும் உதைத்தான் அனுப்புவினம்."

அந்த வசந்தத்தில் கட்டட வாசலுக்கு மேலே ஒரு பெரிய பதாகை கட்டினார்கள். முன்னணியில் நின்று உழைக்கும் வீரர்களுக்கு நன்றி என்று, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் போட்டு. அதைக் கட்ட ஏணியோடு இரண்டு பேர் வந்தார்கள். ஏணியோடு ஆள் அனுப்பத் தெரிந்த கொம்பனிதான் எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரன்.

அடுத்த மாரியில், பெப்ரவரி மாத வியாழக்கிழமை ஒன்றில், மற்ற எலிவேற்றரும் நின்றது.

ஆறரை மணிக்கு அது எங்கேயோ கீழே ஒரு சத்தம் போட்டதோடு சரி. பொத்தானில் வெளிச்சம் வரவில்லை. அவசர இலக்கத்துக்கு அடித்தேன். பதிவு செய்த குரல் ஒன்று கதைத்தது. வான்காரருக்கு அடித்தேன். வாசலுக்கு வந்தால் ஏற்றுவார்களாம், மேலே வரமாட்டார்களாம். செவ்வாய்க்குப் பிறகு உடம்பில் சேர்ந்த தண்ணீரோடு இவர் கதிரையில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பம் ஒன்று இருந்தது. அவர் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர். நாலு வருடமாக நேருக்கு நேர் கதவில் இருந்தோம். தலையசைப்பதற்கு மேல் நான் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவர் ஒருதரம் கதிரையைப் பார்த்தார், ஒருதரம் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"அக்கா, கதிரையோட தூக்குவம்" என்றார். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

முன்கால்களை அவர் பிடித்தார். பின்னால் அவர் மனைவியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மாஸ்க்குக்குள் மூச்சு முட்டியது, கண்ணாடியில் ஆவி படர்ந்து படி தெரியவில்லை. ஒவ்வொரு மாடியிலும் கதிரையை வைத்து மூச்சு எடுத்தோம். நாலு பேரின் மூச்சும் அந்த ஒடுங்கிய இடத்தில் கலந்தது. ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

ஒன்பதாம் மாடியில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. எலிவேற்றரை நிறுத்துவதானால் எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே அறிவிப்போம் என்று. எதிர்வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"எழுவத்திரண்டு மணித்தியாலமாம். ஊரில எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம்தான் தந்தவை, அக்கா."

"இப்ப என்னத்துக்கு உந்தக் கதை? பிடியுங்கோ" என்றார் மனைவி.

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பனி கொட்டுகிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொண்ணூறில் ஆயுதத்தோடு வந்த இயக்கக்காரர் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறச் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைத்தோம், சாப்பிட்டோம். ஐயோ பாவம் என்றோம். யாரும் போய் எந்தக் கதவையும் தட்டவில்லை. கோபப்படுகிற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்ற எண்ணத்தோடு அந்த நிமிடம்வரை படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

இவரோ மாடிக்கு மாடி, "மன்னியுங்கோ தம்பி, மன்னியுங்கோ பிள்ளை, கரைச்சல் தாறன்" என்றபடி வந்தார். ஐந்தாம் மாடியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"வாயை மூடுங்கோ! நீங்களோ எலிவேற்றரை உடைச்சனீங்கள்? இன்னொருக்கா மன்னிப்புக் கேட்டியளெண்டால் இதிலயே விட்டிட்டுப் போவன்."

படிக்கட்டு முழுவதும் என் குரல் எதிரொலித்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். கதிரைக் கைப்பிடியை அவர் இறுகப் பிடித்துக்கொண்டதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஆனாலும் எனக்கு இரக்கம் வரவில்லை.

கீழே வந்தபோது வான் போய்விட்டிருந்தது. பனியில் அதன் சக்கரத் தடம் மட்டும் கிடந்தது. "என்ர வானில போவம்" என்றார் எதிர்வீட்டுக்காரர். வேறு வீட்டு ஆட்கள் ஒரு வாகனத்தில் போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் நாலு கண்ணாடியையும் இறக்கினார். பெப்ரவரிக் காற்று கத்திபோல வந்தது. இவரை முன்னால் இருத்தினோம். நான் பின்னால் குழாய்களுக்கு நடுவே கவிழ்த்து வைத்த ஒரு வாளியில் இருந்தேன். அன்றைக்கு அவர் வேலைக்குப் பிந்தித்தான் போனார். எவ்வளவு பேச்சு வாங்கினார் என்று சொல்லவில்லை.

மத்தியானம் ஒன்றரைக்கு ஆஸ்பத்திரி வான் எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டது. எலிவேற்றர் நின்றபடியே நின்றது. டயாலிசிஸ் முடிந்தால் இவருக்குப் பிரஷர் இறங்கி முகம் சாம்பல் நிறமாகிவிடும், உடனே படுக்க வேண்டும். லொபியில் முன்பு இருந்த சோபாக்களை நோய்க்குப் பயந்து எடுத்துவிட்டார்கள். காலையில் விட்டுப்போன எங்கள் கதிரை கடிதப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் இருத்தினேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து, லொபியில் ஒருவரும் இருக்கக்கூடாது, கோவிட் ரூல் என்றார்.

மனேச்சரின் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. போய் முஷ்டியால் குத்தினேன். கை நோகும்வரை குத்தினேன். கதவு ஒரு சாண் திறந்தது. மனேச்சருக்கு என் மகளைவிடச் சின்ன வயதாக இருக்கும். கம்பளிச் சட்டை, காலடியில் ஹீற்றர், பின்னால் ஒரு நீளமான சோபா. அப்பொயின்ற்மென்ற் இருக்கிறதா என்று கேட்டான்.

என் இங்கிலீஷ் மற்ற நேரத்தில் தடுக்கி விழும். அன்றைக்கு விழவில்லை. "இருக்கிறது. இப்போதுதான்" என்றேன். கதவைத் தோளால் தள்ளி, கணவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அந்தச் சோபாவில் படுக்க வைத்தேன். அவன் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான். எங்கள் மூச்சுக்கு அவ்வளவு பயம். அந்த மூச்சோடுதான் எங்களை ஒரு வருடம் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தான்.

பொலிசைக் கூப்பிடுவேன் என்றான்.

"கூப்பிடு. வரும்போது எலிவேற்றர் திருத்துகிறவரையும் கூட்டிவரச் சொல். அது வேலை செய்தால் நாங்கள் போய்விடுவோம்."

காலையிலேயே அறிவித்தாயிற்று, ஆள் வரும் வழியில் என்றான். பொலிஸ் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் பதினான்கு மாடியும் இறங்கிப் பிளாஸ்கில் தேநீரோடு வந்தார். இவருக்கு அளந்துதான் தண்ணீர், அரைக் கோப்பை ஊற்றினேன். அந்தப் பெண் போகாமல் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலை முடிந்து வந்து மேலே போக முடியாமல் நின்ற சனம் அவருக்குப் பின்னால் கூடியது. ஒருவரும் சத்தம் போடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் போனைத் தூக்கி யாரோடோ தணிந்த குரலில் கதைத்தான்.

மூன்றரைக்குத் திருத்துகிறவர் பையோடு வந்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் எலிவேற்றர் ஓடியது. ஏன் இவ்வளவு நேரம் என்று அவரைக் கேட்டேன். அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார்.

"எனக்கு இரண்டு மணிக்குத்தான் கோல் வந்தது" என்றார்.

இரண்டு மணிக்கு. நான் கதவைக் குத்தினதற்குப் பிறகு. காலையில் அவன் யாருக்கும் அறிவிக்கவேயில்லை.

நான் அந்தச் சொல்லோடு மனேச்சர் பக்கம் திரும்பினேன். அதற்குள் இவர் சோபாவிலிருந்து எழும்பி, சுவரைப் பிடித்து நின்று, அவனைப் பார்த்துத் தலையைக் குனிந்து, "தாங்க்யூ, சேர். தாங்க்யூ வெரி மச்" என்றார்.

எலிவேற்றரில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் விட்டபோதுதான் கேட்டேன்.

"என்னத்துக்கு அவனுக்கு நன்றி? உங்களுக்கு வெக்கம் இல்லையோ?"

கண்ணை மூடியபடி கிடந்தார்.

"நான் அப்பிடிச் சொல்லாட்டி நீர் இன்னும் அங்க நிண்டு சண்டை பிடிச்சிருப்பீர்" என்றார். "எனக்குப் படுக்க வேணும்போல இருந்தது. தாங்க்யூ எண்டால் அவங்கள் விட்டிடுவாங்கள். இருபத்தேழு வருசமா நான் அப்பிடித்தான் வீட்டை வந்து சேர்ந்தனான்."

முப்பத்துநாலு வருடம் ஒன்றாக இருந்தும், அவரை ஒரு பசு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அலுவலகக் கட்டடத்தில் அவருக்கு என்னென்ன நடந்தது என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. போர்வையை இழுத்துவிட்டுக் குசினிக்குப் போய் அரிசி களைந்தேன். கை தன் பாட்டுக்குக் களைந்தது. அவ்வளவு ஆத்திரம். இந்தத் தடவை யார்மேல் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிழமை கதவுக்குக் கீழால் ஒரு கடிதம் வந்தது. ஒஃபிசில் குழப்பம் விளைவித்ததற்கு எச்சரிக்கை. கோடையில் பழைய எலிவேற்றரையும் திருத்தினார்கள். அதற்கு அடுத்த வருடம், எலிவேற்றர் திருத்திய செலவுக்காக வாடகையைக் கூட்டப்போவதாக இன்னொரு கடிதம். வாடகைத் தகராறு தீர்க்கும் சபையின் விசாரணை கொம்பியூட்டரில் நடந்தது. எதிர்வீட்டுப் பெண்ணும் நானும் அவர்கள் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கேட்டோம். என் முறை வந்தபோது ஐந்து நிமிடம் தந்தார்கள். கொம்பனி கேட்டதில் கொஞ்சத்தைக் குறைத்து மிச்சத்தை அனுமதித்தார்கள்.

அந்த முடிவு வருவதற்கு முன்பே இவர் போய்விட்டார். கொரோனாவால் இல்லை, இதயம் நின்றது. அந்த நோயால் போகவில்லையே என்று சனம் ஆறுதல் சொன்னது.

"லெற் இற் கோ, அம்மா. எல்லாருக்கும் அது கஷ்ரமான காலம்தானே" என்கிறாள் மகள். அந்தக் காலத்தில் அவள் ஸ்ரௌவ்வில்லில் பாண் சுடப் பழகினாள். வீடியோவில் பிய்த்துக் காட்டுவாள். நன்றாகத்தான் வந்தது. எல்லோருக்கும் அது ஒரே காலம் இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், உப்புப் போதுமோ என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு, உடுப்புத் தோய்க்கும் அறையில் குடியிருப்பாளர் கூட்டம் நடக்கிறது. எதிர்வீட்டுப் பெண்ணும் நானும் மாடி மாடியாகப் போய் ஆட்களைக் கூப்பிடுகிறோம். சிலர் உள்ளே இருந்துகொண்டே திறப்பதில்லை. அவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார். நான் நின்று இன்னொரு தரம் தட்டுவேன்.