சீரியஸா, கிரிட்டிக்கலா?

நான் மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவன். சுங்கை லாலாங் பக்கம் லோரியில் செம்பனைக் குலை ஏற்றும் கூலியாகத் தொடங்கி, இன்று சொந்தமாக லோரிகளும் பட்டறையும் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தையும் பட்டறையில்தான் பிடித்தேன், யாரும் சொல்லித் தரவில்லை. 'ரிப்பேர்' என்றால் லோரிக்காரர் எதிர்க் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருப்பார். 'ஓவர்ஹால்' என்றால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டுமே வண்டியைச் சரிசெய்வதுதான். ஆனால் எது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். படித்தவர்கள் பலருக்கு இந்தத் தெளிவு கிடையாது.

போன வருடம் என் மனைவி சமையலறையில் மூச்சு வாங்கிக் கீழே விழுந்தாள். சுங்கைப் பட்டாணியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். காலையில் வந்த டாக்டர் 'சீரியஸ்' என்றார். எல்லாம் புரிந்தவனாகத் தலையாட்டினேன். மத்தியானம் வந்த இளம் மலாய்ப் பெண் டாக்டர், 'கிரிட்டிக்கல், பட் ஸ்டேபிள்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"மாமா, காலையில சொன்னதவிட இது நல்லதா, மோசமா?" என்றான் மனைவியின் தம்பி.

"இருடா, யோசிக்கிறேன்."

"பாலிங் டவுன் வரைக்கும் ஒங்க இங்கிலீஷ அடிச்சிக்க ஆளில்லன்னு சொல்லுவீங்க. எங்கக்கா விஷயத்துல மட்டும் யோசிக்கிறீங்களா?"

"வாய மூடு லா!"

அவன் கைப்பேசியில் தட்டிப் பார்த்தான். இரண்டு வார்த்தைக்கும் ஒரே தமிழ்தான் வந்தது: கடுமையான நிலை.

அந்த நேரம் பார்த்து ஜொகூரில் இருக்கும் மகள் கூப்பிட்டாள். "அப்பா, நான் கெளம்பி வரவா?"

"கொஞ்சம் பொறும்மா" என்று வைத்துவிட்டேன். எங்கள் ஆட்கள் தூரத்துப் பிள்ளையை வரச் சொன்னால், வாயில் பால் ஊற்ற வரச் சொல்வதாகத்தான் அர்த்தம். நான் 'வா' என்றால் மனைவியை நானே வழியனுப்பியது போலாகிவிடுமோ? சொல்லாமல் இருந்து, மகள் முகம் பார்க்காமலே போய்விட்டால்?

அந்த இளம் டாக்டர் வெளியே வந்ததும் வழியை மறித்தேன். மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் டாக்டர்களிடம் ஆங்கிலம்தான் பேசுவது என்று வைத்திருந்தேன். அன்று அந்தக் கௌரவம் எங்கே போனதோ, மலாயில் கேட்டேன்.

"டாக்டர், நான் லோரிக்காரன். ரிப்பேரா, ஓவர்ஹாலா?"

அவர் சிரிக்கவில்லை. 'பாக்சிக்' என்று பெரியவரை அழைக்கும் மரியாதையோடு மலாயிலேயே சொன்னார்: "பாக்சிக், என்ஜின் ஓடுது. ஆனா பெடல மிதிச்சிக்கிட்டு இருக்கிறது எங்க மிஷின். காலைய விட இப்ப மோசம். 'ஸ்டேபிள்'னா, இதுக்கு மேல இன்னும் எறங்கல, அவ்வளவுதான்."

மகளைக் கூப்பிட்டேன். "பொறப்பட்டு வாம்மா." அவள் வந்து சேரும்வரை, வார்டின் கண்ணாடிக் கதவு திறந்தபோதெல்லாம் எழுந்து நின்றேன்.

மிஷினை எடுத்த பிறகும் என்ஜின் நிற்கவில்லை. மனைவி இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். 'டயர்டா இருக்கு' என்று சொன்னால் போதும், "டயர்டா, வீக்கா?" என்று முன்னால் போய் நிற்பேன்.

"ரெண்டும் இல்ல, ஒங்க தொல்லைதான். போயி தேத்தண்ணி கலக்கிக் கொண்டாங்க" என்பாள்.

கலக்கிக் கொடுக்கிறேன். ஆனால் காரை ரோட்டைப் பார்த்தபடியேதான் நிறுத்துகிறேன். சாவி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது.