நாடகம் முடிந்ததும் வரும் போன்

அரியலூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் எட்டரை மணி நாடகத்தின் பாட்டு தொடங்கினால் எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒன்றாகக் கேட்கும். சுண்ணாம்புக்கல் லாரி ஏதாவது குறுக்கே போனால்தான் ஒரு வரி தவறும். நாடகம் முடிந்து கடைசியில் பெயர்கள் ஓடும்போது எங்கள் வீட்டு போன் அடிக்கும். பெரம்பலூரிலிருந்து தங்கச்சி.

"பாத்தியாக்கா? அந்த மாமனாருக்கு என்ன வாயி பாரு!"

நான் கதையைவிட அவள் மூச்சைத்தான் கவனிப்பேன். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு இழுப்பு. அம்மாவும் அப்பாவும் போனபிறகு அதற்காகப் பயப்பட நான் ஒருத்திதான் மிச்சம். அவள் புருஷன் சிங்கப்பூரில். வீட்டில் அவளும் காது கேட்காத மாமியாரும்தான். திடீரென்று இழுத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவாள்? உடம்பு எப்படி இருக்கிறது என்று நேராகக் கேட்டால் எரிந்து விழுவாள். "என்னை எப்பப் பாரு சீக்காளியாவே நெனைக்கிற" என்பாள். அதனால் அவளை நாடகம் பற்றிப் பேசவிட்டு, பேச்சுக்கு நடுவில் விசில் மாதிரி சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். வராவிட்டால் அன்றைக்கு நிம்மதி.

ஒருநாள் போன் வரவில்லை. நானே போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாள் காலையில் கிடைத்தாள்.

"நேத்து பாக்கலக்கா. மத்தியானம் திருப்பிப் போடுறாங்கல்ல, அதுல பாத்துக்குவேன். கதைய மட்டும் சொல்லிடாத."

வைத்துவிட்டாள். அந்த நாலு வார்த்தையில் மூச்சு எப்படி இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதற்கப்புறம் ராத்திரி போன் நின்றே போனது. காலையில் நானே போட்டால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவாள். எங்கள் தெருவிலும் பழைய மாதிரி இல்லை. நாளைக்கு மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று எதிர்வீட்டுக்காரி அந்த நேரத்தில் கிரைண்டரைப் போட்டுவிடுவாள். நான் மட்டும் விடாமல் உட்கார்ந்திருந்தேன். திரையில் யார் அழுதார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண் போன்மேல்தான்.

"மறுநா பாக்குறது ஒரு குத்தமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கோ, உட்கார முடியாமல் படுத்துக் கிடக்கிறாள், மறைக்கிறாள் என்றே தோன்றியது.

ஒருநாள் காலையிலும் போனை எடுக்கவில்லை. மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டு மூணு மணி பஸ்ஸில் ஏறினேன். குன்னத்தில் யாரோ மூட்டை இறக்க நிறுத்தினார்கள். இறங்கி ஓடியே போய்ச் சேர்ந்துவிடலாம் போல இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. வாசலில் மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்தார். காதருகே குனிந்து, "அவ எங்க அத்தை?" என்று கத்தினேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. தெனமுந்தான போறா."

ஆஸ்பத்திரித் தெருவுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. கேட்டுக்குள் நுழையப் போனபோது, "அக்கா!" என்று எதிர்ப்பக்கமிருந்து குரல். மருந்துக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில், கையில் மாத்திரை அட்டையோடு நின்றிருந்தாள்.

தெருவைத் தாண்டிப் போனேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இப்ப உனக்குத்தான் இழுக்குது. உக்காரு மொதல்ல."

சாயங்காலத்திலிருந்து கடை மூடும்வரை அங்கே வேலையாம். மாமியாருக்கு இந்தக் கடையும் ஆஸ்பத்திரிதானாம். காலையில் போன் லைன் போயிருந்ததாம்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஒடனே தூசிம்ப, நிக்காதம்ப."

"இங்க இழுத்துச்சுன்னா?"

"மருந்துக் கடைக்குள்ளயே நிக்கிறேன். இதவிட எங்க போவச் சொல்ற?" என்று சிரித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "போன மாசம் ஒருதடவ வந்துச்சு. வாயில பம்ப் அடிச்சுக்கிட்டேன். சரியாப் போச்சு."

மருந்துச் சீட்டோடு ஒருவர் வந்து நின்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் ஸ்டூலிலேயே இருந்தேன். எனக்குத் தெரியாமல் வந்து, எனக்குத் தெரியாமலே சரியாகியும் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அது எந்த நாளாக இருக்கும் என்று மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவாள். கடைக்கு வருகிறவர்களைப் பற்றி நிறையச் சொல்வாள். குரல் தெளிவாகத்தான் இருக்கும். நடுவில் இருக்கிற ஆறு நாட்களைக் கடத்தத்தான் எனக்கு வெகுகாலம் பழகவில்லை.