தழும்பில்லாத படம்

உள்ளதை உள்ளபடி படம் பிடிக்கிறவனுக்கு மன்னாரில் பிழைப்பில்லை. ஸ்டூடியோ வைத்துச் சீரழிகிற என் சக பாவிகளே, இது உங்களுக்குத் தெரியாததல்ல.

தோணியும் பெண்ணும்

தலைமன்னாரில் ஒரு கல்யாணம். பொழுது படுகிற நேரம், சிவந்த கடல், கரையில் ஒரு தோணி. விடுவேனா? கல்யாணப் பொம்பிளையைத் தோணியில் சாய்ந்து கடலைப் பார்க்கச் சொன்னேன். ஏக்கமாகப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். அவள் தோணியைத் தொடவே இல்லை.

"அப்பா வருவார் வருவார் எண்டு இதில நிண்டுதான் அண்ணை நாங்கள் கடலைப் பார்த்தனாங்கள். வேற இடம் இல்லையோ?"

இடிந்த வீடு

உயிலங்குளத்துக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். சண்டையில் பாதி இடிந்த தாய்வீட்டை, கொடி படர்ந்த சுவரோடு அப்படியே எடுக்க வேண்டுமாம். அதுதான் வடிவாம். எனக்கும் அப்படித்தான் பட்டது. மிச்சப் பாதியில் அவருடைய அக்கா குடியிருந்தார். மழை துமித்துக்கொண்டிருந்தது. நடுவில் கிடந்த வாளி படத்தைக் கெடுக்கிறதென்று நான் அதை அப்பால் தள்ளி வைத்தேன். அக்கா ஒதுங்கி நின்றார். நாலைந்து படம் எடுத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"எடுத்து முடிஞ்சுதெண்டால் சொல்லுங்கோ தம்பி, ஒழுக்குக்கு வாளியை வைக்க வேணும்."

கோட்டுப் போட்டவர்

கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவி, இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் படம் பெருப்பிக்க வேண்டும். கையில் இருந்தது ஓர் அடையாள அட்டைப் படம் மட்டுந்தான். உடலும் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் செத்தவருக்குக் கோட்டும் டையும் போடாமல் படம் கொடுத்தால் மரியாதைக் குறைவு. போட்டேன். முகத்தை வெளுப்பாக்கினேன். தூண்டில் கிழித்ததாம், புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது, அதையும் துடைத்துவிட்டேன். பின்னால் பூந்தோட்டம். உயிரோடிருந்தபோது அவர் அவ்வளவு வடிவாக இருந்திருக்க மாட்டார் என்று எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பெண் நெடுநேரம் பார்த்தார். பிறகு படத்தை மகளிடம் காட்டினார். பிள்ளை யாரோ என்று பார்த்துவிட்டு, தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"வடிவாத்தான் இருக்கு அண்ணை. ஆனா அந்தத் தழும்பைத் திருப்பிப் போட்டுத் தாங்கோ. அதைத் தடவித்தான் இவள் நித்திரை கொள்ளுறவள்."

இப்போதெல்லாம் செத்தவர் படத்தில் கை வைக்கிறதுக்கு முன்னால், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்கிறேன். தொழில் மறந்துபோன ஆள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது.