சாமி முழுகிய கல்குவாரி

கல்குவாரிக்கும் அதை ஒட்டிய பட்டா நிலத்துக்கும் நடுவில் ஏழரை மீட்டர் தொடாமல் விடவேண்டும். குத்தகை முடிந்ததும் பள்ளத்தின் ஓரங்களைப் படிப்படியாக வெட்டிச் சரிக்கவேண்டும். சுற்றிலும் வேலி போடவேண்டும். ஒதுக்கி வைத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி மரம் வளர்க்கவேண்டும். இதுதான் விதி. வருவாய்த்துறையில் தலை நரைக்கும் வரை இருந்தவன் நான். மோசமாக எழுதப்பட்ட விதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இது அந்த ரகம் இல்லை. ஒரு குறையும் சொல்ல முடியாது, நடக்கவில்லை என்பதைத் தவிர.

என் மனைவி பிறந்த ஊர் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் இருக்கிறது. ஊருக்கு வெளியே மூடிப்போன குவாரி. அதன் ஓரத்தில் அவள் தம்பியின் நிலம், நிலத்தின் ஓரத்தில் அவன் கிணறு. அந்தக் கிணற்றை நம்பித்தான் அவனுக்கு நெல். கிணற்றுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் மிஞ்சியிருந்த மண்ணில் ஒரு கயிற்றுக் கட்டிலைத்தான் போடலாம். ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கட்டில் கொஞ்சம் ஒடுங்கும்.

"சட்டப்படி ஏழரை மீட்டர் உனக்குப் பாதுகாப்பு" என்றேன் மச்சானிடம்.

"ஏழரைன்னு நீங்க சொன்னப்பவே தெரிஞ்சிப் போச்சு மாமா, இது வெளங்காதுன்னு."

மனு எழுதினேன். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். மனு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு 'உரிய நடவடிக்கைக்காக' அனுப்பப்பட்டது. அந்த வாசகத்தின் பொருள் 'இது எங்கள் மேஜை இல்லை' என்பது. அங்கிருந்து மூன்றாவது இடத்துக்குப் போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. நினைவூட்டல் எழுதினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். மரம் வைத்தாயிற்று என்று பதில் சொன்னார்கள். வைத்தது உண்மை. கன்றுகளை ஆடுகள் ஒரே வாரத்தில் சாப்பிட்டு முடித்ததும் உண்மை.

கடைசியில் மாசி மாதம் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மாசியில் மகம் வரும் என்பதை மறந்துவிட்டேன்.

மகத்தன்று அந்த ஊர் சாமிக்கு ஏரியில் தீர்த்தவாரி நடக்கும். சாமியைத் தூக்கிப் போய் முழுக்காட்டுவார்கள். அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் இல்லை. வரத்துக் கால்வாயைக் குவாரி மண் அடைத்துக்கொண்டதால் ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீரெல்லாம் பள்ளத்தில் இறங்கி நீலமாக நின்றது. சாமியை அங்கேயே இறக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவுசெய்தார்கள். குவாரிக் குத்தகைதாரர் பெரிய மனசு பண்ணி ஜேசிபி அனுப்பினார். அந்தப் பள்ளத்தின் ஓரத்தை அவர் ஒழுங்காகச் சரித்தது அந்த ஒரு இடத்தில்தான். அதற்கு அவருக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டினார்கள்.

இதெல்லாம் எனக்கு மறுநாள் என் மனைவியின் செல்போனில் படமாக வந்தது. சாமியைச் சுமந்தவர்களில் முன்வரிசையில், மார்பளவு தண்ணீரில், சந்தனமும் சிரிப்புமாக என் மச்சான்.

ஆய்வு அன்று அதிகாலையிலேயே பஸ் பிடித்துப் போனேன். மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. பாறைகளில் மஞ்சளும் குங்குமமும். ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டார். அப்போதே கோப்பு முடிந்துவிட்டது.

"இது கோயில் குளமா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாம்மா, தீர்த்தவாரி ஆன குளம்."

"இது கல் வெட்டிய பள்ளம்" என்றேன். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர், "டவுன்காரரு, அப்படித்தான் பேசுவாரு" என்று என் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

மச்சானை ஒரு ஓரமாக இழுத்துப் போனேன். "உன் கிணறுடா. நீ சொல்லு, பள்ளம்னு."

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான். "சாமி முழுகின தண்ணிய எப்படி மாமா பள்ளம்னு சொல்றது? வாய் அழுகிடும்."

"கிணறு விழுந்துடும்."

"சாமி உட்ருமா?"

அரசாங்கத்திடம் மேல்முறையீடு செய்ய எனக்கு நாலு வழி தெரியும். இதற்கு ஒரு வழியும் தெரியவில்லை. அதிகாரி கிணற்றையும் பார்த்தார். அதன் சுவரில் விட்டிருந்த வெடிப்பைத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது குத்தகைதாரரின் ஆள் ஒருவர் அவருக்குச் சுண்டல் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். பசி, சாப்பிட்டேன்.

கார்த்திகை தீபத்தை ஒட்டி இரண்டு நாள் விடாமல் மழை. விடிந்தபோது கிணற்றின் ஒரு பக்கச் சுவர், மோட்டார் கொட்டகை, அதன் மேலிருந்த தகரம் எல்லாம் பள்ளத்துக்குள் கிடந்தன. நான் போனபோது மச்சான் குடைகூட இல்லாமல் ஓரத்தில் நின்றான். பிடித்துப் பின்னால் இழுத்தேன். நாற்று விட்டிருந்தான், அதற்கு இனி வானத்துத் தண்ணீர்தான்.

"உங்க பதில் வந்துச்சா மாமா?" என்றான். கிண்டலா, கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. அவன் முகத்தில் மழை.

பதில் வந்தது. மனுதாரர் குறிப்பிடும் இடம் பொதுமக்கள் வழிபாட்டில் உள்ள நீர்நிலை என்று ஆய்வில் தெரியவருகிறது. வேலி அமைப்பது பக்தர்களுக்கு இடையூறாகும். மனு இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது. அருகிலுள்ள கிணற்றுக்குப் பாதிப்பு ஏதும் ஏற்படுமாயின், உரிய ஆதாரங்களுடன் புதிதாக மனு செய்துகொள்ளலாம். பிழையில்லாத கடிதம். நான் அந்த இருக்கையில் இருந்திருந்தாலும் ஒரு கமாவைக்கூட மாற்றியிருக்க மாட்டேன். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதை என்னிடம் கொடுத்தது, கிணறு விழுந்த அதே வாரம், டிசம்பர் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.